வில்லைத் தேடி மலையேறியவர்கள்

ஆடுகளம் யாருக்கு? – வரலாற்றுத் தொடர், பகுதி 12

சென்ற பகுதியில், 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியின் கதையைப் பார்த்தோம். அங்கே பயின்ற ஆசிரியர்கள் பள்ளிகளுக்குப் போன வழியில்தான் வாலிபால் வலையும் நம் ஊர்களுக்குப் போனது. இந்த முறை சமவெளியை விட்டு மலையேறுவோம்.

ஆடிப்பெருக்கை ஒட்டி, கொல்லிமலையின் செம்மேட்டில் வல்வில் ஓரி விழாவை அரசு நடத்துகிறது. கண்காட்சி, கலை நிகழ்ச்சிகளோடு வில்வித்தைப் போட்டியும் உண்டு. சங்ககாலத்தில் ஓரி ஆண்ட மலையில் வில்வித்தை நடப்பது பொருத்தம்தான். அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, மானையும் பன்றியையும் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்ததாக வன்பரணர் பாடியிருக்கிறார். அந்த ஓரியைத் திருக்கோவலூர்க் காரி போரில் கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். மலையின் உடைமை கைமாறினாலும் வில்லின் புகழ் மட்டும் ஓரியோடு தங்கிவிட்டது.

இவ்வளவு புகழ் இருந்தும், கொல்லிமலையிலிருந்து ஒலிம்பிக் வில்லாளி ஒருவரும் இதுவரை வந்ததில்லை. இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. மலைப்பிள்ளைகளின் இரத்தத்திலேயே வில் இருக்கிறது, தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்தால் பதக்கம் கொட்டும் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கை இந்திய அரசே ஒருமுறை போட்டுப் பார்த்தது. அந்த வரலாறு தெரிந்தால்தான், கொல்லிமலையின் 14 ஊராட்சிகளில் ஒன்றான குண்டூர் நாட்டின் ஒரு பள்ளிப் பிள்ளைக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று பேச முடியும்.

1982இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. பெரிய பெரிய அரங்குகள் எழுந்தன. அவற்றைப் பராமரிக்கவும் விளையாட்டை வளர்க்கவும் 1984இல் இந்திய விளையாட்டு ஆணையம் பிறந்தது. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலிருந்து இந்தியா வெறுங்கையோடு திரும்பியது. பதக்கத்துக்கு எங்கே போவது என்ற தவிப்பில் உருவானதுதான் சிறப்புப் பகுதி விளையாட்டுத் திட்டம். மலை, காடு, கடற்கரை என்று ஒதுங்கி வாழும் மக்களிடையே இயற்கையாக அமைந்த திறனைத் தேடுவது அதன் நோக்கம். வில்வித்தைக்குப் பழங்குடிகள், படகோட்டத்துக்குக் கடலோர மக்கள் என்று திட்டத்தின் சிந்தனை ஓடியது.

1987இல் ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்து மலைப்பகுதியில் ஒரு தேர்வு நடந்தது. மூங்கில் வில்லை வைத்துக்கொண்டு குருவியும் கௌதாரியும் அடித்துத் திரிந்த ஒரு சிறுவன் அதில் தேறினான். அஹாரி என்ற பழங்குடியைச் சேர்ந்த அந்தப் பையன்தான் லிம்பா ராம். டெல்லியில் சில மாதப் பயிற்சி. மறு ஆண்டே சியோல் ஒலிம்பிக். அப்போது அவருக்கு வயது 16. நவீன வில்லைக் கையில் எடுத்து ஏறக்குறைய ஓராண்டில் ஒலிம்பிக் களத்தில் நின்ற இன்னொருவரைக் காண்பது அரிது. 1991இல் அர்ஜுனா விருது, 1992இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய அளவிலான போட்டியில் 30 மீட்டர் தூரத்தில் 358 புள்ளிகள் எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது, மூன்று ஒலிம்பிக்குகள், 2012இல் பத்மஸ்ரீ. அவர் அடைந்த ஒவ்வொன்றும் அவருடைய உழைப்புக்குக் கிடைத்தது. இந்தியாவில் வில்வித்தை என்ற விளையாட்டுக்கு முகம் கொடுத்தவர் அவர்.

ஆனால் திட்டத்தை எடைபோட வேண்டுமானால் லிம்பா ராமோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. சித்திகளையும் பார்க்க வேண்டும்.

கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்துக் காட்டோரங்களிலும் குஜராத்தின் கிர் பகுதியிலும் வாழும் சித்திகள், பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் வணிகர்களோடும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள். கென்யர்களும் எத்தியோப்பியர்களும் ஓட்டப் பந்தயங்களில் வெல்கிறார்களே, நம் நாட்டிலேயே ஆப்பிரிக்க வம்சாவளியினர் இருக்கும்போது அவர்களை ஏன் ஓடவிடக் கூடாது என்று டெல்லியில் யோசித்தார்கள். மார்கரெட் ஆல்வா விளையாட்டுத் துறை இணை அமைச்சராக இருந்த காலம் அது. 1987 வாக்கில் சித்திச் சிறுவர் சிறுமியரை ஊர்களிலிருந்து தேர்ந்தெடுத்து விடுதிகளில் சேர்த்தார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, ஷூ, பயிற்சியாளர், பள்ளிக்கூடம் என்று பல வீடுகள் கண்டறியாத வசதி கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே அவர்களில் பலர் தேசியப் போட்டிகளில் பதக்கம் வென்றார்கள்.

பிறகு 1990களின் தொடக்கத்தில் அந்த முயற்சி நின்றுபோனது. ரயில்வே, காவல்துறை என்று சிலர் வேலையில் அமர்ந்தார்கள். மற்றவர்கள் ஊருக்குத் திரும்பி வயல் கூலியானார்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போன ஊர் அப்படியே இருந்தது. அங்கே ஒரு திடல் உருவாகவில்லை, பயிற்சியாளர் ஒருவர் குடியேறவில்லை, அடுத்த பிள்ளைகள் ஓடிப் பழக ஒரு பாதை போடப்படவில்லை. பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போன திட்டம் ஊருக்கு எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. கர்நாடகச் சித்திகளுக்குப் பழங்குடிப் பட்டியலில் இடம் கிடைத்ததே 2003இல்தான் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். அரசின் சலுகைப் பட்டியலில் இடம்பெறும் முன்பே பதக்கப் பட்டியலுக்கு அவர்கள் தேவைப்பட்டிருக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் முண்டகோடு பகுதியில் சித்திப் பிள்ளைகளோடு சேர்ந்து மறுபடியும் ஓட்டப் பயிற்சிகள் தொடங்கியிருப்பது ஆறுதல்.

இந்தத் திட்டத்தின் மீது எனக்குள்ள மனத்தாங்கல் பணத்தைப் பற்றியதோ அது பாதியில் நின்றதைப் பற்றியதோ அல்ல. அதன் அடிப்படை எண்ணமே பிழை. ஒரு மனிதனின் தோலையும் குலத்தையும் பார்த்து, இவன் ஓடுவான், இவன் எய்வான், இவன் துடுப்புப் போடுவான் என்று முடிவு கட்டியது அது. பிறப்பை வைத்துத் தொழிலைப் பிரித்த பழைய பழக்கம் விளையாட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததுபோல் இருக்கிறது. குண்டூர் நாட்டில் ஒரு பெண்பிள்ளை சதுரங்கம் ஆட விரும்பலாம், பூப்பந்து ஆட விரும்பலாம். ஓரியின் மலையில் பிறந்தாள் என்பதற்காக அவள் கையில் வில்லைத்தான் திணிக்க வேண்டுமா?

இதற்கு நேர்மாறான வரலாறு ஒன்றும் நம் நாட்டிலேயே இருக்கிறது. ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டமும் அதை அடுத்த ஜார்க்கண்டின் சிம்டேகாவும் ஹாக்கிக்குப் பெயர் போனவை. கிறித்தவ மிஷனரிகள் கொண்டுவந்த ஆட்டத்தை முண்டா, ஓராவோன், காரியா மக்கள் தங்கள் ஊர் ஆட்டமாகவே மாற்றிக்கொண்டார்கள். மூங்கிலை வளைத்து மட்டை, எது கிடைத்ததோ அது பந்து. அறுவடை முடிந்த வயல்தான் களம். அங்கே நடக்கும் ஊர்ப் போட்டிகளுக்கு ‘கஸ்ஸி’ என்று பெயர். கஸ்ஸி என்றால் ஆட்டுக்கடா. வென்ற அணிக்கு அதுதான் பரிசு. அன்றிரவு ஊரே சேர்ந்து சமைத்துச் சாப்பிடும். ஆண்களுக்கும் உண்டு, பெண்களுக்கும் உண்டு. அரசு அங்கே பதக்கம் தேடிப் போவதற்கு வெகு காலம் முன்பே ஊர் விளையாடிக்கொண்டிருந்தது.

1928இல் ஆம்ஸ்டர்டாமில் இந்தியா முதல் ஒலிம்பிக் ஹாக்கித் தங்கம் வென்றபோது அணித்தலைவர் ஜெய்பால் சிங் முண்டா, குந்தி பகுதி முண்டா பழங்குடியைச் சேர்ந்தவர். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடிகளின் குரலாக ஒலித்தவரும் அவரே. 1972 மியூனிக்கில் வெண்கலம் வென்ற அணியிலும் 1975 உலகக் கோப்பை அணியிலும் மைக்கேல் கிண்டோ. 1980 மாஸ்கோத் தங்கத்தில் சில்வானுஸ் டுங்டுங். பிறகு சவுனமாரா என்ற சிற்றூரிலிருந்து வந்து 400க்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்கள் ஆடிய திலீப் திர்க்கி. டோக்கியோவில் நான்காம் இடம் பிடித்த பெண்கள் அணியில் சிம்டேகாவின் சலீமா டேடே. ஒடிசா அரசு ரூர்கேலாவை அடுத்த பான்போஷில் விளையாட்டு விடுதி தொடங்கியபோது அங்கே சேரப் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஊர்ப் போட்டிகளே பிள்ளைகளை அனுப்பி வைத்தன. ஊர் ஆடினால் பதக்கமும் வரும், வராமலும் போகும். வராவிட்டாலும் கஸ்ஸி நடக்கும், ஊர் கூடும்.

ஐரோப்பா இந்த உண்மைக்கு வேறு பாதையில் வந்து சேர்ந்தது. அங்கேயும் தொடக்கத்தில் விளையாட்டு என்பது செல்வந்தர் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு உரியதாகத்தான் இருந்தது. கூலி வாங்கி உழைப்பவனை அமெச்சூர் அல்ல என்று சொல்லிப் போட்டியிலிருந்து விலக்கிய படகுச் சங்கங்கள் இங்கிலாந்தில் இருந்தன. இதற்குத் தொழிலாளர்கள் கொடுத்த பதில்தான் தொழிலாளர் ஒலிம்பியாட். 1925இல் பிராங்பர்ட், 1931இல் வியன்னா. வியன்னாவில் பங்கேற்றோர் தொகை மறு ஆண்டு நடந்த லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கை விஞ்சியது. தேசியக் கொடிகளை விலக்கிவிட்டு, பெண்களையும் பெருந்திரளாகச் சேர்த்துக்கொண்டு நடந்த விழா அது. ஜெர்மனியில் 1933இலும் ஆஸ்திரியாவில் 1934இலும் சர்வாதிகாரிகள் அந்தச் சங்கங்களை ஒழித்துக் கட்டினார்கள்.

போர் முடிந்தபின் இன்னொரு கதவு திறந்தது. அங்கேயும் வில்தான் வருகிறது. நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், முதுகுத்தண்டு காயப்பட்ட போர்வீரர்களுக்கு ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் சிகிச்சை அளித்தார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரைக் கொண்டு ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். ஆண்களும் பெண்களும் சேர்ந்தே எய்தார்கள். பாராலிம்பிக் இயக்கத்தின் விதை அது. எழுந்து நடக்க முடியாதவர்களுக்கு வில்லைத் தந்தபோது அவர் யாருடைய இரத்தத்தையும் ஆராயவில்லை. உட்கார்ந்தபடி ஆடக்கூடியது எது, தோளுக்கும் மார்புக்கும் வலுவூட்டுவது எது என்று மட்டும் பார்த்தார்.

அந்த விதையின் பலன் கொல்லிமலை அடிவாரத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத ஓர் ஊரில் காய்த்தது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து மோதி வலக்காலின் முழங்காலுக்குக் கீழே ஊனமுற்றவர். அவருடைய தாய் காய்கறி விற்றும் கூலி வேலை செய்தும் வளர்த்தார். 2016இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிஸில் வெண்கலம். இந்த மூன்றுக்கும் முன்னால் அவர் வாழ்க்கையில் நடந்த ஒன்றுதான் நமக்கு முக்கியம். மற்றப் பிள்ளைகளோடு வாலிபால் ஆடிக்கொண்டிருந்த பையனை, உயரம் தாண்டிப் பார் என்று சொன்னவர் அவருடைய பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அந்தப் பையன் ஆட்டத்திலிருந்து ஒதுக்கப்படாமல் திடலில் நின்றிருந்ததால்தான் ஆசிரியர் கண்ணில் பட்டான்.

ஐரோப்பாவுக்குத் திரும்புவோம். 1960களில் ஐரோப்பிய மன்றம் ‘எல்லோருக்கும் விளையாட்டு’ என்ற கருத்தை முன்வைத்தது. நார்வே 1967இல் ‘ட்ரிம்’ என்ற பெயரில் ஒரு மக்கள் இயக்கம் நடத்தியது. பதக்கத்தை மறந்துவிடு, வீட்டிலிருந்து இறங்கி நட, ஓடு, பந்தைத் தூக்கிப் போடு என்பதுதான் அதன் செய்தி. பக்கத்து நாடுகளுக்கும் அது பரவியது. 1975இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய விளையாட்டு அமைச்சர்கள் எல்லோருக்கும் விளையாட்டு என்ற ஐரோப்பிய சாசனத்தை ஏற்றார்கள். விளையாட்டில் பங்கேற்பது ஒவ்வொரு மனிதனின் உரிமை என்று அதன் முதல் விதி சொன்னது. 1978இல் யுனெஸ்கோவும் அதை உலகத்துக்கு ஏற்றுச் சொன்னது. 1995இல் கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்டு ஐ.எஸ்.சி.ஏ. என்ற கூட்டமைப்பு உருவாகி, அடித்தள விளையாட்டையும் சமூக இணைப்பையும் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. 2015 முதல் ஆண்டுதோறும் செப்டம்பரில் ஐரோப்பிய விளையாட்டு வாரம் நடக்கிறது. அகதிகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள், வேலையற்றோர் என்று யார் யார் திடலுக்கு வெளியே நிற்கிறார்களோ அவர்களை உள்ளே அழைப்பதற்கு அங்கே இன்று நகராட்சிகள் வரை நிதி ஒதுக்குகின்றன. ஐரோப்பாவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கால்பந்து அரங்குகளில் நிறவெறிக் கூச்சல் இன்றும் ஓயவில்லை. ஆனால் உரிமை என்று எழுதி வைத்துவிட்டால், இல்லாதபோது கேட்பதற்கு ஒரு பிடி இருக்கிறது.

நம்மிடம் அந்தப் பிடி இல்லை. திட்டங்கள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன. 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிகளில் நூலகத்தோடு விளையாட்டு மையத்தையும் அமைத்தது. 2008இல் மத்திய அரசின் பைகா திட்டம் வந்தது. ஊராட்சிக்கு ஒரு திடல், அதைப் பார்த்துக்கொள்ள ‘கிரீடாஸ்ரீ’ என்ற பெயரில் ஊர்த் தொண்டர் ஒருவர், அவருக்கு மாதம் 500 ரூபாய் மதிப்பூதியம். 2014இல் அது ராஜீவ் காந்தி பெயருக்கு மாறியது, அடுத்த சில ஆண்டுகளில் கேலோ இந்தியாவுக்குள் கரைந்தது. 2020இல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம். 2024இல் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டம், 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குக் கிரிக்கெட் மட்டையிலிருந்து சிலம்பக் கம்பு வரை வழங்கப்பட்டன. ஆட்சிக்கு ஒரு பெயர் மாறினாலும் எல்லாவற்றிலும் நல்ல நோக்கம் உண்டு. பந்து வந்து சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

பந்தோடு ஆளும் வந்தாரா என்பதுதான் கேள்வி. 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தையல், இசை முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. பத்தாண்டுகளுக்கு மேலாகியும் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் அவர்கள் போராடிக்கொண்டே இருக்கிறார்கள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டிய மலைக்கு இப்படி ஒரு சம்பளத்தில் ஓர் ஆசிரியரை அனுப்பிவிட்டு, அவரிடம் மாரியப்பன்களை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்ளும் வழக்கம் சமவெளியிலேயே மாறவில்லை. மலையில் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது நிலம். கொல்லிமலை மேல்பரப்பு சமவெளிபோல் விரிந்தாலும், படிப்படியாக வெட்டிய வயல்களும் மரவள்ளித் தோட்டங்களும் மிளகுக் கொடியேறிய மரங்களும் நிறைந்தது. நூறு மீட்டர் நேராக ஓடுவதற்கு மட்டமான இடம் வேண்டுமென்றால் யாராவது மண்ணை வெட்டிச் சமன் செய்துதான் ஆக வேண்டும். இந்த மலைகளில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களிடம் விளையாட்டு இல்லாமல் இல்லை. பொங்கலை ஒட்டிச் சேலம் மலைகளில் நடந்த எருது கட்டு விளையாட்டை, 1909இல் வெளிவந்த தம் தொகுதிகளில் எட்கர் தர்ஸ்டன் விரிவாகவே எழுதியிருக்கிறார். கோயில் முன்னால் உள்ள வெளிதான் அதற்குக் களம். ஆனால் அது ஆண்களின் களம், ஆண்டுக்கு ஒருமுறை கூடும் களம். பள்ளிவிட்டு வந்த ஒரு பெண்பிள்ளை மாலை ஐந்து மணிக்கு எறிபந்து ஆட அது ஆகாது.

காப்புக்காட்டை ஒட்டிய மலை ஊர்களுக்கு நிலம் பெற 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் மூன்றாம் பிரிவு, கிராம சபை பரிந்துரைத்தால் ஒவ்வொரு தேவைக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தை ஊர்ப் பொதுப் பயனுக்கு ஒதுக்கலாம் என்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது என்பது நிபந்தனை. எந்தெந்தப் பயனுக்கு என்று 13 இனங்களையும் அந்தச் சட்டம் வரிசையாக எழுதியிருக்கிறது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்கம்பி, குளம், குடிநீர்க் குழாய், சாலை, சமுதாயக் கூடம் என்று போகும் அந்தப் பட்டியலில் விளையாட்டுத் திடல் இல்லை. பழங்குடிப் பிள்ளைகளிடமிருந்து பதக்கம் கேட்ட அரசு, அவர்களுக்காகவே எழுதிய சட்டத்தில் அவர்கள் ஆட ஓர் இடம் கேட்க வழி வைக்கவில்லை. பட்டியலில் பதினான்காவதாக ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். சேந்தமங்கலம், ஏற்காடு என்று பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் தமிழ்நாட்டில் உள்ளன. கொல்லிமலை சேந்தமங்கலத்தில்தான் வருகிறது. இரண்டு உறுப்பினர்களும் கட்சி பாராமல் சேர்ந்து, சட்டத்தைத் திருத்தும்படி மத்திய அரசைக் கேட்க ஒரு தீர்மானம் கொண்டுவர முடியும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டில் பல முறை கிராம சபை கூடுகிறது. குண்டூர் நாட்டிலும் பக்கத்து ஊராட்சிகளிலும் இத்தொடரைப் படிக்கும் ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், மகளிர் குழுவினர் அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். ஊராட்சிக்கு வந்த விளையாட்டுப் பெட்டி எங்கே இருக்கிறது, அதன் சாவி யாரிடம் என்று கேளுங்கள். பொது நிலத்தில் ஓரிடத்தைச் சமன் செய்ய ஊரக வேலைத் திட்டத்தில் பணி எடுக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். வாரத்தில் மூன்று மாலையாவது அந்த இடம் பெண்பிள்ளைகளுக்கு உரியது என்றும், கால் ஊனமான பிள்ளை வந்தாலும் ஆட்டத்தில் சேர்க்க வேண்டும் என்றும் அந்தத் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதியதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

(அடுத்த பகுதியில்: கடலோர ஊர்களில் கால்பந்து வந்த கதை)